பேப்பர் கடையில் ஒரு ராச வீட்டுக் கலியாணம்

லண்டனின் தென்மேற்கு ஓரத்தில், ரயில் ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருந்த ஒரு பேப்பர் கடையில் மூன்று வருடம் நின்றேன். பேப்பர் கடை என்றாலும் பால், பாண், சிகரெட், லொட்டரி, பிறந்தநாள் அட்டை, பூனைச் சாப்பாடு எல்லாம் இருக்கும். ஆனால் விடிய நாலே முக்காலுக்கு ஷட்டரைத் தூக்க வைப்பது பேப்பர் கட்டுதான். பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டி வாசலில் எறிந்துவிட்டுப் போயிருப்பார்கள், மழை என்றால் மேலே ஒரு பொலித்தீன். இலங்கையிலிருந்து படிக்கவென்று வந்த எங்கட பொடியன்களில் நிறையப்பேர் அந்தக் காலத்தில் இப்படி யாரோ ஒரு ஊர்க்காரரின் கடையில்தான் நின்றார்கள். முதலாளியை அண்ணை என்று கூப்பிடுவேன், அவருடைய மனைவியை அக்கா. இரண்டு பேருக்கும் நான் தம்பி.

வாடிக்கையாளர்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது, நம்பர்தான் தெரியும். வீட்டுக்குப் போகிற பேப்பரின் வலது மேல் மூலையில் பேனையால் வீட்டு நம்பரை எழுதி, தெரு வாரியாக அடுக்கி, பேப்பர் போடும் பொடியன்களின் பைக்குள் வைக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் கடைக்குள் வருகிறவர்களையும் நம்பரால்தான் சொல்லுவோம். "நாப்பத்திரண்டு வந்தவ, லொட்டரி ஒண்டு தரட்டாம்" என்பார் அக்கா. நான் சொல்ல வந்த கதையிலும் ஒரு நாற்பத்திரண்டாம் நம்பர் அம்மாவும் ஒரு பதினேழாம் நம்பர் ஐயாவும் வருவார்கள்.

நாட்டின் முன்பக்கங்களை எல்லாரையும்விட இரண்டு மணித்தியாலம் முந்திப் பார்ப்பது இந்த வேலையில் கிடைக்கிற சின்னச் சந்தோஷம். 2010 நவம்பர் 11ஆம் திகதி காலையில் கட்டை வெட்டினால் கிட்டத்தட்ட எல்லாப் பேப்பரிலும் ஒரே காட்சி. பல்கலைக்கழகக் கட்டணத்தை உயர்த்துவதற்கு எதிராக முதல் நாள் நடந்த மாணவர் ஊர்வலத்தில், ஆளுங்கட்சியின் தலைமையகம் இருந்த மில்பாங்க் கட்டடத்தின் கண்ணாடியை ஒரு பொடியன் காலால் உதைக்கிறான். அதற்கு மூன்று கிழமைக்கு முன்னர்தான் அரசாங்கம் பெரிய செலவுக் குறைப்பை அறிவித்திருந்தது. கவுண்டருக்கு வருகிற எல்லாரும் யாருக்கு வேலை போகப்போகிறது, எந்த நூலகத்தை மூடப்போகிறார்கள் என்றுதான் கதைத்தார்கள். அடுத்த செவ்வாய்க்கிழமை, நவம்பர் 16, முற்பகலில் இளவரசர்களின் வாசஸ்தலமான கிளாரன்ஸ் ஹவுஸிலிருந்து அறிவித்தல் வந்தது. இளவரசர் வில்லியமும் கேட் மிடில்டனும் கலியாணம் கட்டப்போகிறார்கள்.

நாற்பத்திரண்டாம் நம்பர் அம்மா அன்றைக்கு ஒரு சாமானும் வாங்க வரவில்லை. கோட்டைக்கூட ஒழுங்காகப் பூட்டாமல் வந்து கவுண்டரில் இரண்டு கையையும் வைத்து, கேள்விப்பட்டாயா என்றார். நான் ஓம் என்றதும் முகம் கொஞ்சம் வாடிவிட்டது. நல்ல காலம், பின்னால் பாலோடு நின்ற ஒரு மனுசனுக்கு விஷயம் தெரியாது. அவருக்கு முழுக்கதையும் சொன்னார், அவர் போனபிறகு வந்த பொம்பிளைக்கும் சொன்னார். ஒரு அரை மணித்தியாலம் எங்கள் கடையில் செய்தி வாசிப்பாளராக நின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். போகும்போது, நாளைக்கு எனக்கு எல்லாத்திலும் மூன்று எடுத்து வை என்றார். ஒன்று வாசிக்க, ஒன்று வைத்திருக்க, ஒன்று ஆஸ்திரேலியாவில் இருக்கிற தங்கச்சிக்கு. 1981இல் சார்ள்ஸும் டயானாவும் கலியாணம் கட்டிய நேரத்துப் பேப்பர்கள் இன்னும் கட்டிலுக்குக் கீழே ஒரு சூட்கேசுக்குள் இருக்கிறதாம்.

புதன்கிழமை காலையில் ஏழரைக்குள் ராக்கை காலி. அப்படியொரு வெறுமையை அதற்கு முதல் நான் கண்டதில்லை. தினமும் மிஞ்சுகிற பேப்பரை எண்ணி, ரிட்டன் தாளில் எழுதி, மொத்த விநியோகக்காரருக்குத் திருப்பி அனுப்பினால்தான் காசு கழிப்பார்கள். அன்றைக்கு ரிட்டன் தாளில் எழுத ஒன்றும் இல்லை. சனம் வந்துகொண்டே இருந்தது. கோட்டும் சூட்டும் போட்ட ஒருவர் கவுண்டருக்குப் பின்னால் கிடந்த ஒரு பேப்பரைக் காட்டி அதைத் தா என்றார். மூலையில் 17 என்று எழுதியிருக்கிறது, இது வீட்டுக்குப் போகிறது என்றேன். இரண்டு மடங்கு காசு தருகிறேன் என்றார். ரயிலுக்கு அவசரம், வரிசை நீளம், எனக்கும் புத்தி மட்டு. கொடுத்துவிட்டேன்.

பதினேழாம் நம்பர் ஐயா டர்ஹம் பக்கத்துச் சுரங்கத்தில் வேலை செய்தவர், மகனோடு இருக்க இந்தப் பக்கம் வந்தவர். ராணியின் படம் போட்ட காசை நீட்டும்போதே ராணியைத் திட்டுவார். இந்தக் குடும்பத்தைப் பற்றிய செய்தி வராத பேப்பர் இருந்தால் சொல்லு, அதற்கு மாறுகிறேன் என்று எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அவர் ஒன்பது மணிக்கு மழையில் நனைந்துகொண்டு வந்து நின்றார். என்ரை பேப்பர் எங்கே? இண்டைக்கு எல்லாம் கலியாணச் செய்திதான், உங்களுக்குத் தேவைப்படாது என்று நினைத்தேன் என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கவில்லை. வாசிக்காமல் எப்படித் திட்டுவது என்றார். அண்ணை பக்கத்துச் சந்திக் கடைக்கு ஓடிப்போய் அவருக்கு ஒன்று வாங்கிக்கொண்டு வந்தார், அந்தக் காசு என் சம்பளத்தில் போனது.

அக்காவின் நோக்கு வேறு. "எட்டு வருசம் தம்பி, எட்டு வருசம் பெட்டையைக் காக்க வைச்சிருக்கிறான். எங்கட ஊரிலையெண்டா பெட்டையின்ரை தாய் படலையைச் சாத்தியிருப்பா." இருவரும் 2001இல் ஸ்கொட்லாந்தின் சென் அன்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் சந்தித்தவர்கள். இடையில் 2007 ஏப்ரலில் பிரிந்து, சில மாதத்தில் திரும்பவும் சேர்ந்தார்கள். அந்தப் பெண்ணுக்குப் பேப்பர்காரர் வைத்த பட்டம் "வெயிட்டி கேட்டி". கேட்காமலே காத்திருக்கிறவள் என்று இளக்காரம். அறிவித்தல் வந்த அன்று இரவு ரீவிப் பேட்டியில் வில்லியம், மோதிரத்தை மூன்று கிழமையாகத் தோள்பைக்குள் வைத்துக்கொண்டு கென்யாவில் திரிந்தேன் என்று சொன்னார். "பாவம், அவனும் காவித் திரிஞ்சிருக்கிறான்" என்று அன்றைக்கு மட்டும் அக்கா கொஞ்சம் இரங்கினார்.

நான் இதைப் பற்றிப் பிறகு நிறைய யோசித்திருக்கிறேன். அந்தப் பெண்ணின் காத்திருப்பை எட்டு வருடமாகச் சில்லறைக்கு விற்றது எங்கள் மாதிரிக் கடைகள்தான். 2007 ஜனவரியில் அவருடைய இருபத்தைந்தாவது பிறந்தநாள் அன்று வீட்டு வாசலில் படம்பிடிக்கிறவர்கள் மொய்த்து நின்றதும் அந்த விற்பனைக்காகத்தான். நான் நின்ற காலத்திலேயே பார்த்திருக்கிறேன், அவர் ஒரு கடைவாசலால் வெளியே வருகிற படம் முன்பக்கத்தில் இருந்தால் அந்தப் பேப்பர் பத்துப் பதினைந்து கூடப் போகும். முகம் சோர்ந்திருந்தால் இன்னும் நல்லது. அண்ணைக்கு இது தெரியும். அந்தப் பேப்பரைக் கவுண்டருக்குப் பக்கத்து ராக்கையில் கண்மட்டத்துக்கு வைப்பார். நிச்சயமானபிறகு அதே பேப்பர்கள் அவரைப் பொறுமையின் சிகரம் என்று எழுதின, நாங்கள் அதையும் அதே இடத்தில்தான் வைத்தோம்.

மோதிரக் கதையை விடக்கூடாது. டயானா 1981இல் கரார்ட் நகைக்கடைத் தட்டிலிருந்து தெரிந்தெடுத்த அதே மோதிரம். பன்னிரண்டு கரட் நீலக்கல், சுற்றிவர பதினாலு வைரம். நீலக்கல் இலங்கையில் எடுத்தது என்று பேப்பரில் வந்ததும் அக்கா அதை வெட்டி காசுப்பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டினார். வருகிற வெள்ளைக்காரரிடமெல்லாம் விரலை வைத்துக் காட்டி, எங்கட நாட்டுக் கல்லு என்பார். இருபது வருடத்தில் அந்த நாட்டை எங்கட நாடு என்று அவர் சொல்லி நான் கேட்டது அந்தக் கல் விஷயத்தில் மட்டும்தான் என்று அண்ணை ஒருநாள் மெதுவாகச் சொன்னார்.

இனி மக் கதை, நினைவுக்கென்று அச்சடித்து விற்கிற கோப்பைகளின் கதை.

அண்ணைக்கு ஒரு பழைய காயம் இருந்தது. 2005இல் சார்ள்ஸ் கமிலாவைக் கட்டினார் அல்லவா, அது முதலில் ஏப்ரல் 8ஆம் திகதி என்று குறித்தது. திடீரென்று பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் காலமாகி, அவருடைய அடக்கம் அதே 8ஆம் திகதி என்று வந்ததால் கலியாணத்தை ஒருநாள் தள்ளி 9ஆம் திகதி வைத்தார்கள். அதற்குள் 8ஆம் திகதி என்று அச்சடித்த மக்குகளும் தட்டுகளும் கடைகளுக்கு வந்துவிட்டன. அண்ணையிடமும் ஒரு பெட்டி இருந்தது. பிழையான திகதி, இனி ஆர் வாங்குவினம் என்று பயந்து, அன்றைக்கே பாதி விலைக்குப் போட்டிருக்கிறார். ஒரு மனுசன் வந்து பேரமே பேசாமல் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போனார். பிறகுதான் தெரிந்தது, பிழையான திகதி மக்குக்குத்தான் சேகரிக்கிறவர்கள் அலைகிறார்கள் என்று. அந்த மனுசன் என்ன விலைக்கு விற்றிருப்பான் என்ற கணக்கை அண்ணை ஆறு வருடமாகப் போட்டுக்கொண்டிருந்தார், ஒவ்வொரு தடவையும் தொகை கூடிக்கொண்டே போகும்.

வூல்வேர்த்ஸ் கதையையும் அவர்தான் சொன்னார். அந்தப் பெரிய கடைத்தொடர் வில்லியம் கேட் கலியாணம் கிட்டடியில் நடக்கும் என்று நம்பி, 2006லேயே மக், தட்டு என்று நினைவுப்பொருட்களின் மாதிரிகளைத் தயாரித்து வைத்திருந்ததாம். மாப்பிள்ளை கேட்கவே இல்லை. 2009 ஜனவரியில் வூல்வேர்த்ஸ் கடைசிக் கடையையும் மூடிவிட்டது. "பாத்தியோ தம்பி, முந்தினாலும் பிழை பிந்தினாலும் பிழை" என்பார். இவ்வளவும் தெரிந்த மனுசன், 2010 டிசம்பரில் காஷ் அன் கரி என்கிற மொத்த விற்பனைக் கடைக்குப் போய் எட்டுப் பெட்டி மக், கொடித் தோரணம் ஒரு கட்டு, மணமக்களின் முகத்தை அட்டையில் வெட்டிய முகமூடிகள், ஒரு அட்டைத் தாளில் குத்தின இமிட்டேஷன் நீலக்கல் மோதிரம் எல்லாம் வானில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். அக்கா ஒன்றும் கதைக்கவில்லை. இரண்டு நாள் கதைக்கவில்லை.

இரவு கடை பூட்டியபிறகு அண்ணை ஒவ்வொரு பெட்டியாக உடைத்து, ஒவ்வொரு மக்காக எடுத்து, லைட்டுக்கு நேரே திருப்பிப் பார்த்தார். நான் முதலில் உடைஞ்சது தேடுகிறார் என்று நினைத்தேன். பிழை தேடியிருக்கிறார். 29 ஏப்ரல் 2011 என்று எல்லாத்திலும் ஒழுங்காக இருந்தது, பெயர்களில் எழுத்துப் பிழைகூட இல்லை. கடைசி மக்கையும் வைத்துவிட்டு, "சீனாக்காரன் இந்தமுறை கவனமாச் செய்துபோட்டான்" என்றார், உண்மையான கவலையோடு.

எல்லாத்துக்கும் விலை ஒட்டி முடித்தது நான். ஜனவரி 4ஆம் திகதி வாட் வரி பதினேழரையிலிருந்து இருபது வீதமானது. பேப்பருக்கு வாட் இல்லை, மக்குக்கு உண்டு. எட்டுப் பெட்டி மக்கின் அடியிலும் ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டி எடுத்து, புதிய விலை ஒட்டினேன். சுரண்டிய இடத்தில் பசை நின்று தூசி பிடித்து, புது மக்கெல்லாம் பாவித்த மக் மாதிரி ஆனது. ராச கலியாணத்துக்கும் எனக்கும் இருந்த நேரடித் தொடர்பு அந்தப் பசைதான்.

மார்ச் மாதமளவில் சனத்தின் பேச்சு மாறியது. மோதிரம், உடுப்பு எல்லாம் போய் லீவுக் கணக்கு வந்தது. அந்த வருடம் பெரிய வெள்ளி ஏப்ரல் 22, ஈஸ்டர் திங்கள் 25, கலியாண வெள்ளி 29 அரசாங்க விடுமுறை, மே 2 திங்களும் விடுமுறை. இடையில் இருக்கிற மூன்று நாளை மட்டும் லீவு எடுத்தால் மொத்தம் பதினொரு நாள். ஸ்டேஷனுக்குப் போகிற ஒருத்தர் விடாமல் இந்தக் கணக்கை எனக்குச் சொன்னார்கள், ஏதோ தாங்களே கண்டுபிடித்த மாதிரி. அரச குடும்பத்தையே பிடிக்காதவர்களும் ஸ்பெயினுக்கு டிக்கெட் போட்டுவிட்டு மணமக்களை வாழ்த்தினார்கள். நாடே ராச கலியாணத்தில் மிதக்கிறது என்று ரீவியில் சொல்லும்போது எனக்கு அந்தப் பதினொரு நாள்தான் நினைவுக்கு வரும். எங்கள் கடைக்கு அது நட்டம். ரயிலுக்குப் போகிறவர்கள் இல்லையென்றால் காலையில் பேப்பரும் இல்லை, சுவிங்கமும் இல்லை. ஆனாலும் பேப்பர் வருகிறதால் கடை திறக்க வேண்டும், எனக்கு லீவும் இல்லை.

பதினேழாம் நம்பர் ஐயா இதற்கிடையில் ஒரு நாள் ஒரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்தார். கேட்டின் தாய்வழி முன்னோர்கள் டர்ஹம் ஹெட்டனில் நிலக்கரி வெட்டினவர்கள் என்று அதில் போட்டிருந்தது. ஒன்றும் சொல்லாமல் கவுண்டரில் விரித்துவிட்டு, நான் வாசித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, பெட்டை பரவாயில்லை, அவன்தான் சரியில்லை என்றார். அண்ணை அந்த நேரம் பார்த்து ஒரு மக்கை முன்னால் தள்ளினார். அவ்வளவுக்குப் போகமாட்டேன் என்றுவிட்டார்.

கலியாண நாளன்று விடிய மழை வரும் என்றார்கள், வரவில்லை. மப்பாக இருந்தது. எட்டு மணிவரை கொடி, ஐஸ், பிளாஸ்டிக் கோப்பை, குப்பைப் பை என்று நல்ல வியாபாரம். பக்கத்துத் தெருவை மறித்து மேசை போட்டிருந்தார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சுமார் 5,500 தெருக்களை இப்படி மறிக்க அனுமதி கேட்டிருந்தார்கள் என்று பேப்பரில் வந்தது. பேப்பர் போடும் பொடியன்கள் இரண்டு பேரும் அட்டை முகமூடி போட்டுக்கொண்டு சைக்கிளில் போனார்கள், வில்லியமும் கேட்டும் ஆளுக்கொரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற மாதிரி இருந்தது. பத்தரைக்குப் பிறகு கடைக்குள் ஒரு சனம் இல்லை. வாசலில் வந்து பார்த்தேன், பெரிய ரோட்டில் ஒரு கார் இல்லை. வெறுமையாக வந்த ஒரு பஸ்ஸில் சாரதி மட்டும் எனக்குக் கையைக் காட்டிவிட்டுப் போனார். 24 மில்லியனுக்கு மேல் ஆட்கள் இந்த நாட்டில் அந்த நேரம் ரீவிக்கு முன்னால் இருந்தார்கள் என்று பிறகு வாசித்தேன். ஒரு தெரு முழுக்க யன்னல் வழியாக ஒரே வர்ணனைக் குரல் கேட்டது.

அண்ணை பின்னறையிலிருந்த சின்ன ரீவியைத் தூக்கி லொட்டரி மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தார். பொம்பிளை தகப்பனோடு ரோல்ஸ் ரோய்ஸில் வந்தார். முந்தின டிசம்பர் 9ஆம் திகதி இரவு, பல்கலைக்கழகக் கட்டண உயர்வுக்குப் பாராளுமன்றத்தில் வாக்களித்த அன்று, ரீஜன்ட் தெருவில் மாணவர்கள் சார்ள்ஸும் கமிலாவும் இருந்த காரை மறித்துப் பெயின்ட் அடித்தார்களே, அந்தக் கார்தான் இது, திருத்தி எடுத்திருந்தார்கள். சாரா பர்ட்டன் தைத்த உடுப்பு அந்த நிமிடம்வரை இரகசியம். "கை மூடித் தைச்சிருக்கு, வடிவாயிருக்கு" என்று அக்கா தீர்ப்புச் சொன்னார். வெஸ்ட்மின்ஸ்டர் அபி தேவாலயத்துக்குள் நடைபாதையின் இரண்டு பக்கமும் உயிரோடு மரங்களை நிறுத்தியிருந்தார்கள், மேப்பிளும் ஹோர்ன்பீமும். "வாழை கட்டினமாதிரி, பாத்தியே! கலியாணமெண்டா மரம் வேணும்." மோதிரம் விரலில் ஏறாமல் மாப்பிள்ளை கொஞ்சம் கஷ்டப்பட்டார். மாப்பிள்ளைக்கு மோதிரமே இல்லை என்றதும், "அப்ப இவையும் எங்களை மாதிரித்தான், அடையாளம் பொம்பிளைக்கு மட்டும்" என்றார். ஊரிலிருந்து அம்மா போன் எடுத்தா. அங்கே பின்னேரம். ரீவியில் பார்க்கிறாவாம். "பொம்பிளை கெட்டிக்காரி, அழயில்லை" என்றா.

மணமக்கள் திறந்த வண்டியில் ஏறிப் பாராளுமன்றச் சதுக்கப் பக்கமாகத் திரும்பியபோது ரீவியில் மேலேயிருந்து எடுத்த காட்சி வந்தது. சனக்கூட்டம், கொடி, குதிரைகள். அண்ணை வர்ணனையின் சத்தத்தைக் குறைத்தார். "இதிலைதானே இருந்தனாங்கள்" என்றார்.

2009 ஏப்ரல் 6ஆம் திகதி தொடங்கி எழுபது நாளுக்கு மேல் எங்கட சனம் அந்தச் சதுக்கத்தில் இருந்தது. இலங்கையின் வடக்கே வன்னியில், போருக்குள் சனம் செத்துக்கொண்டிருந்த நாட்கள். இரவு எட்டுக்குக் கடையைப் பூட்டிவிட்டு மூன்று பேருமாக ரயிலில் வாட்டர்லூ போய், பாலத்தால் நடந்து, அந்தப் புல்தரையில் போய் இருப்போம். அக்கா பிளாஸ்கில் தேத்தண்ணியும் கடையில் மிஞ்சின பணிசும் கொண்டுவருவார். ஒரு பக்கம் பாராளுமன்றம், மற்றப் பக்கம் இந்த அபி. கால் மணித்தியாலத்துக்கு ஒருதரம் பிக் பென் கோபுரத்து மணிகள் அடிக்கும், அந்தச் சத்தத்துக்கு நித்திரை வராது. அக்காவின் தம்பி குடும்பம் அப்போது உள்ளே இருந்தது. விடிய நாலு மணி பஸ் பிடித்து நேரே கடைக்கு வந்து ஷட்டரைத் தூக்குவேன். கட்டை வெட்டிப் பார்ப்பேன், முன்பக்கத்தில் நாங்கள் இருக்கமாட்டோம். சில நாள் உள்ளே எட்டாம் பக்கத்தில் இருப்போம், பாலத்தை மறித்ததால் போக்குவரத்துத் தடைப்பட்டது என்று.

நாற்பத்திரண்டாம் நம்பர் அம்மா அந்த நாட்களில் ஒருமுறை என்னிடம் கேட்டார், உங்கட ஆட்கள் அங்கே என்ன கேட்கிறார்கள் என்று. நல்ல மனசோடுதான் கேட்டார். பின்னால் நாலு பேர் வரிசையில். ஒரு பேப்பருக்கு மிச்சக் காசு கொடுக்கிற நேரத்துக்குள் சொல்லி முடிக்கிற கதையா அது? போர் நடக்குது, நிற்பாட்டச் சொல்லிக் கேட்கினம் என்றேன். ஓ, டியர் என்றார். அதற்குமேல் இரண்டு பேருக்கும் வார்த்தை இல்லை. ராச கலியாணத்தைப் பற்றி அவர் எனக்கும், நான் பின்னால் வருகிறவருக்கும், அம்மா ஊரில் பக்கத்து வீட்டாருக்கும் ஒரு விளக்கமும் இல்லாமல் சொல்ல முடிந்தது. அந்தச் சனத்தின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அன்றைக்குக் கொடி விற்றதும் நான்தான். ஆனால் அந்த இரண்டு நிமிடம் மூன்று பேரும் ரீவியைப் பார்க்காமல் ரீவிக்குப் பக்கத்தில் பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு ஐஸ் கேட்டு ஒருவர் வந்தார். ஐஸ் முடிந்துவிட்டது.

ஒன்றரை மணிக்குச் சற்று முந்தி பல்கணியில் கொஞ்சினார்கள், இரண்டு தரம். மூன்று வயதுத் தோழிப் பெண் ஒன்று சத்தம் தாங்காமல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முகத்தைச் சுழித்தது. அடுத்த நாள் சனிக்கிழமைப் பேப்பரில் மணமக்களுக்குப் பிறகு அதிகம் வந்த முகம் அந்தப் பிள்ளையுடையதுதான். எனக்கும் அந்த நாளில் மிகப் பிடித்த ஆள் அவள்.

அந்தச் சனிக்கிழமையைச் சொல்லாமல் விட்டால் இந்த வேலையைச் செய்தவர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். பேப்பரோடு வருகிற இணைப்புகள் தானாக உள்ளே வந்து உட்காராது. அவை தனிக் கட்டாக வரும், கடைக்காரன்தான் ஒவ்வொன்றாகப் பேப்பருக்குள் செருக வேண்டும். அன்றைக்குச் சாதாரண சனிக்கிழமை இணைப்புகளோடு நினைவு மலர், போஸ்டர் என்று எல்லாம் சேர்ந்து வந்தது. நாலு மணிக்கு வர வேண்டிய லொறி ஐந்தேகாலுக்கு வந்தது. இரண்டு பேர் நிலத்தில் சப்பாணி கட்டி இருந்து செருகினோம், அக்கா நம்பர் எழுதினார். மையில் விரல் கறுத்து, மூக்கைச் சொறிந்த இடமெல்லாம் கறுத்து, ஆறு மணிக்கு ஷட்டருக்கு வெளியே வரிசை நின்றது. பேப்பர் கனத்தில் பொடியன்களின் பை நிலத்தில் இழுபட்டது, கதவுத் துவாரத்துக்குள் போகவில்லை. முன்பக்கம் கிழிந்தது, நினைவாக வைக்க வாங்கினனாங்கள் என்று போன் மேல் போன். நாற்பத்திரண்டாம் நம்பர் அம்மா மூன்று மூன்றாக வாங்கினார், நான் தனியாக எடுத்து, மூலையில் நம்பர் எழுதாமல் வைத்திருந்தேன். அதைக் கவனித்துவிட்டார். ஒரு மக்கும் வாங்கினார். பிறகு இன்னொன்று, தங்கச்சிக்கு.

திங்கட்கிழமை விடுமுறை நாள் காலையில் ரேடியோ பின்லாடனைக் கொன்றுவிட்டார்கள் என்றது. செவ்வாய்க்கிழமை கட்டை வெட்டினால் எல்லா முன்பக்கத்திலும் அந்த ஒரு முகம். ஏழு மணிக்குள் ராக்கையில் பாதி போய்விட்டது. ரயிலுக்குப் போகிறவர்கள் பதினொரு நாள் கழித்து மூக்கு உரிந்த சிவப்போடு திரும்பி வந்திருந்தார்கள், கலியாணம் என்று ஒரு சொல் எடுக்கவில்லை. அண்ணை எட்டு மணிக்கு மக்குகளைக் கவுண்டரிலிருந்து எடுத்து சலவைத்தூள் பக்கம் வைத்தார். ஜூனில் பாதி விலை. ஜூலையில் ஃபோன் ஒட்டுக்கேட்டல் விவகாரத்தில் நியூஸ் ஒஃப் த வேர்ல்ட் மூடப்பட்டது. ஜூலை 10ஆம் திகதி வந்த அதன் கடைசி இதழையும் நினைவாக வைத்திருக்க சனம் வரிசையில் நின்று வாங்கியது. அந்தப் பேப்பரின் அரச குடும்பச் செய்தியாளராக இருந்தவர் கேட்டின் ஃபோனை மட்டும் 155 தடவை ஒட்டுக்கேட்டதாக 2014இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டபோது நான் வேறு வேலையில் இருந்தேன். அந்தப் பெண் காத்திருந்த காலத்தில் அவருடைய ஃபோனில் காதலன் விட்ட குரல் தகவல்களைத் திருட்டுத்தனமாகக் கேட்டு எழுதினதைத்தான் எங்கள் மாதிரிக் கடைகள் கண்மட்டத்தில் வைத்து விற்றிருக்கின்றன.

மக்கில் ஐந்து பெட்டி மிஞ்சியது. கொடித் தோரணம் 2012இல் ராணியின் வைர விழாவுக்குப் போய்விட்டது, கொடியில் முகம் இல்லாததால். முகமூடிகளைப் பேப்பர் பொடியன்கள் கொண்டுபோனார்கள். கடையில் வேலைக்கு வந்து போன எல்லாருக்கும் அண்ணை ஆளுக்கொரு மக் கொடுத்து அனுப்பினார், எனக்கு இரண்டு. ஒன்றின் பிடி உடைந்து பேனைகள் நிற்கிறது. மற்றதில் டிஷ்வோஷர் மாப்பிள்ளையின் தலைமயிரைக் கொஞ்சம் முந்தியே எடுத்துவிட்டது. அடியில் அந்த ஸ்டிக்கர்ப் பசை இன்னும் இருக்கிறது.

2023இல் சார்ள்ஸின் முடிசூட்டு விழாவுக்கு இரண்டு மாதம் இருக்கையில் அண்ணை போன் எடுத்தார். கடையை எப்போதோ விற்றுவிட்டார், ஆனால் தெரிந்த ஒருவரின் கடையில் ஒரு மூலை தருகிறார்களாம். "மே ஆறாம் திகதியெண்டு போட்டிருக்கிறாங்கள் தம்பி. எனக்கென்னவோ மழைக்கு ஒருநாள் தள்ளி வைப்பாங்கள் போலக் கிடக்கு. ஒரு ரண்டு பெட்டி எடுத்து வைக்கட்டே?" நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து அக்காவின் குரல், "ஆரோடை கதைக்கிறியள்? தம்பியே? போனை இஞ்சை தாங்கோ."